கரையொதுங்கும் பீப்பாயில் என்ன இருக்கிறது?

புத்தளம் நகரிலிருந்து வடக்கே மன்னாரை நோக்கிச் செல்லும் பழைய பாதையில், வில்பத்து வனத்தின் தென் எல்லையை அண்டி அமைந்திருப்பது எலுவன்குளம். கலா ஓயா கடலேரியில் கலக்கும் கங்கேவாடியும், அதனைச் சூழ்ந்த கண்டல் காடுகளும், மீனவர் வாடிகளும் இக்கரையின் அடையாளங்களாகும். கடல் கொண்டுவந்து சேர்ப்பதை எடுத்துப் பயன்படுத்துவது இத்தகைய கரைகளில் தொன்றுதொட்டு வந்த வழக்கம். மிதந்து வரும் மரக்குற்றி வாடிக்குத் தூணாகும். அறுந்த வலை வேலிக்கு உதவும். மூடியிட்ட நீல நிறப் பீப்பாய் கிடைத்தால் கழுவித் தண்ணீர் நிரப்பி வைக்கப்படும்.

இந்த வழக்கமே இன்று உயிராபத்தானதாக மாறியிருக்கிறது. ஏனெனில், நம் கடலோரமாகச் செல்லும் கப்பல்கள் இப்போது ஏற்றிச் செல்பவற்றுள் அமிலங்களும், காரங்களும், தண்ணீர் பட்டால் எரியும் பொருட்களும் அடங்கும். அவற்றுள் ஒன்று கரையொதுங்கும்போது அதனை முதலில் காண்பவர் விஞ்ஞானியோ, தீயணைப்புப் படை வீரரோ அல்லர். அதிகாலையில் வள்ளம் தள்ளச் செல்லும் கடற்றொழிலாளியோ, சிப்பி பொறுக்கச் செல்லும் சிறுவனோதான். அவர் அந்த முதற் பத்து நிமிடங்களில் என்ன செய்கிறார் என்பதிலேயே பல உயிர்கள் தங்கியுள்ளன. இன்னதென்று தெரியாத இரசாயனப் பொருளை இனங்காண்பது எவ்வாறு என்பதை இக்கரையோர மக்கள் அறிந்திருக்க வேண்டியதன் அவசியம் இதுவேயாகும்.

கடல் கற்பித்த பாடங்கள்

2021 மே மாதம் 20ஆம் திகதி கொழும்புத் துறைமுகத்திற்கு அப்பால் நங்கூரமிட்டிருந்த ‘எக்ஸ்பிரஸ் பேர்ள்’ என்ற சிங்கப்பூர்க் கொடியேந்திய கப்பலில் தீப்பற்றியது. அக்கப்பலில் 1,486 கொள்கலன்கள் இருந்தன. அவற்றுள் 81 கொள்கலன்களில் ஆபத்தான பொருட்கள் ஏற்றப்பட்டிருந்தன. 25 டொன் நைத்திரிக் அமிலமும் அவற்றுள் அடங்கும். மே 25ஆம் திகதி பாரிய வெடிப்பு நிகழ்ந்தது. கப்பலிலிருந்த 25 பணியாளர்களும் வெளியேற்றப்பட்டனர். ஜூன் 2ஆம் திகதி ஆழ்கடலுக்கு இழுத்துச் செல்ல முற்பட்ட வேளையில் கப்பலின் பின்பகுதி கடலடியைத் தொட்டது. ஏறத்தாழ 1,680 டொன் பிளாஸ்டிக் மணிகள் கடலில் கலந்தன. மேற்குக் கரையெங்கும், நமது புத்தளம் மாவட்டக் கரைகள் உட்பட, அவை வெண்பனிபோற் படிந்ததை மக்கள் மறந்திருக்க மாட்டார்கள். 2025 ஜூலை 24ஆம் திகதி இலங்கை உயர் நீதிமன்றம் ஒரு பில்லியன் அமெரிக்க டொலரை நட்டஈடாகச் செலுத்துமாறு கப்பல் நிறுவனத்தரப்பிற்கு உத்தரவிட்டது.

இச்சம்பவத்தில் நாம் கவனிக்க வேண்டிய விடயம் வேறொன்றுண்டு. கொள்கலனிலிருந்து அமிலம் கசிவது மே மாத முற்பகுதியிலேயே கப்பலில் அறியப்பட்டிருந்தது. கட்டாரின் ஹமாத் துறைமுகத்திலும், இந்தியாவின் ஹசீரா துறைமுகத்திலும் அக்கொள்கலனை இறக்க இடமளிக்கப்படவில்லை. எந்தக் கொள்கலனில் எப்பொருள் உள்ளது என்ற சரக்குப் பட்டியலும் இருந்தது. ஆயினும், நீர்கொழும்புக் கரையில் பொருட்கள் வந்து ஒதுங்கியபோது அங்கிருந்த மக்களுக்கு அவை பற்றி எதுவுமே தெரியாது. தொட வேண்டாம் என்று அதிகாரிகள் அறிவித்த பின்பும் பலர் அவற்றை அள்ளிச் சென்றனர். அறிவு காகிதத்தில் இருந்தது. ஆபத்து கரையில் இருந்தது. இரண்டிற்கும் இடைப்பட்ட தூரமே அன்றைய பெரும் குறைபாடாகும்.

நான்கு ஆண்டுகளின் பின்னர், 2025 மே 25ஆம் திகதி, ‘எம்.எஸ்.சி. எல்சா 3’ என்ற கப்பல் 640 கொள்கலன்களுடன் கேரளத்தின் கொச்சிக்கு அப்பால் மூழ்கியது. ஆபத்தான பொருட்கள் அடங்கிய கொள்கலன்கள் 13 எனவும், அவற்றுள் 12 கொள்கலன்களில் கல்சியம் காபைட்டு இருந்ததெனவும் இந்திய அதிகாரிகள் தெரிவித்தனர். சில வாரங்களில் அக்கப்பலின் பிளாஸ்டிக் மணிகள் மன்னார் உள்ளிட்ட நமது வடமேற்குக் கரைகளையும் வந்தடைந்தன. கொச்சியில் மூழ்கியது மன்னாருக்கு வருமாயின், மன்னாருக்கும் கற்பிட்டிக்கும் இடைப்பட்ட எலுவன்குளம் கரையும் அதே நீரோட்டத்திற்கு உட்பட்டதே.

கல்சியம் காபைட்டு பார்வைக்குச் சாம்பல் நிறக் கற்களைப் போன்றது. அதன்மீது தண்ணீர் பட்டால் அசெற்றிலீன் வாயு உண்டாகும். உலோகங்களை ஒட்டுவதற்குப் பயன்படும், மிக எளிதில் தீப்பற்றக்கூடிய வாயு அது. தீயைக் கண்டதும் தண்ணீர் ஊற்றுவது நம் இயல்பு. இப்பொருளில் அதுவே தீயை வளர்க்கும். கரையொதுங்கும் கொள்கலன்களிலிருந்து 200 மீற்றருக்கு அப்பால் நிற்குமாறு கேரள மக்கள் அன்று அறிவுறுத்தப்பட்டனர்.

தரையிலும் உள்ள ஆபத்து

கடலை மட்டும் குறை கூறுவதற்கில்லை. வண்ணாத்திவில்லுப் பிரதேசத்தின் அருவக்காலுவில், கொழும்பின் குப்பைகளைக் கொட்டுவதற்கென, மக்களின் கடும் எதிர்ப்பின் மத்தியில் அமைக்கப்பட்ட வளாகத்தில் 2019 ஒக்டோபரில் வெடிப்பொன்று நிகழ்ந்தது. மூடப்பட்ட குப்பை மேட்டினுள் தேங்கும் மெதேன் வாயு நிறமும் மணமும் அற்றது என்பது இங்கு நினைவுகூரத்தக்கது. ஐஸ் தொழிற்சாலைகளில் குளிரூட்டுவதற்கு அமோனியா பயன்படுகிறது. இறால் பண்ணைகளில் நீரைத் தூய்மைப்படுத்தக் குளோரீன் தூள் பயன்படுகிறது. அத்தூளுடன் அமிலம் கலந்தால் நச்சுவாயு வெளிப்படும். தோட்டங்களில் கிருமிநாசினிப் போத்தல்கள் உள்ளன. எரிபொருள் பௌசர்களும், எரிவாயு சிலிண்டர்களை ஏற்றிய லொறிகளும் நாளாந்தம் நம் வீதிகளில் ஓடுகின்றன. எனவே, ‘தெரியாத இரசாயனம்’ என்பது எங்கோ தொலைவில் நிகழும் விபத்து அன்று.

காப்பாற்றச் சென்றவர்கள்

இத்தகைய அனர்த்தங்களின் கொடுமை யாதெனில், காப்பாற்ற ஓடுபவரே அடுத்துப் பலியாவதுதான். 2018 ஏப்ரல் 19ஆம் திகதி ஹொரணை, பெல்லப்பிட்டியவிலுள்ள இறப்பர் தொழிற்சாலையொன்றில் தொழிலாளி ஒருவர் அமோனியாத் தாங்கியினுள் வீழ்ந்தார். அவரை மீட்க முனைந்தோரும் அடுத்தடுத்து மயங்கி வீழ்ந்தனர். ஐந்து உயிர்கள் பறிபோயின. அவர்களிடம் துணிவுக்கோ மனிதாபிமானத்துக்கோ குறைவிருக்கவில்லை. உள்ளே இருப்பது என்ன, அது உடலை என்ன செய்யும் என்ற ஒரு தகவல் மட்டுமே இல்லாதிருந்தது.

2020 ஆகஸ்ட் 4ஆம் திகதி பெய்ரூத் துறைமுகத்தில் தீயை அணைக்க அனுப்பப்பட்ட தீயணைப்புப் படையினர் பத்துப் பேரும் உயிரிழந்தனர். அக்களஞ்சியத்தில் 2,750 டொன் அமோனியம் நைத்திரேற்று ஏறத்தாழ ஆறாண்டுகளாகக் கிடந்ததைத் துறைமுக அதிகாரிகள் அறிந்திருந்தனர். தீயை அணைக்கச் சென்றவர்கள் அறிந்திருக்கவில்லை. 1984 டிசம்பர் 2ஆம் திகதி நள்ளிரவில் போபாலில் நச்சுவாயு கசிந்தபோது, வைத்தியசாலையில் குவிந்த ஆயிரக்கணக்கானோர் சுவாசித்தது எவ்வாயு என்பது வைத்தியர்களுக்கே தெரியாதிருந்தது. பொருளின் பெயர் தெரியாவிடின் மருந்தின் பெயரும் தெரியாது.

இலக்கத்திற்கு மொழியில்லை

இப்பெயரைத் தொலைவிலிருந்தே அறிவதற்கு உலகம் ஓர் எளிய வழியைக் கண்டிருக்கிறது. ஆபத்தான பொருட்களைக் கொண்டு செல்வது பற்றி ஐக்கிய நாடுகள் சபையின் நிபுணர் குழு 1956 முதல் வெளியிட்டு வரும் பரிந்துரைகளின்படி, இத்தகைய ஒவ்வொரு பொருளுக்கும் அல்லது பொருட்குழுவிற்கும் நான்கு இலக்கங்கள் கொண்ட எண் ஒன்று வழங்கப்பட்டுள்ளது. நைத்திரிக் அமிலத்திற்கு 2031. கல்சியம் காபைட்டிற்கு 1402. நீரற்ற அமோனியாவிற்கு 1005. குளோரீனுக்கு 1017. பெற்றோலுக்கு 1203. கப்பற் சரக்குகளுக்கான சர்வதேச விதிக்கோவை 2004ஆம் ஆண்டின் தொடக்கத்திலிருந்து கட்டாயமாக்கப்பட்டுள்ளதால், கடல் வழியே பொதியாகவோ கொள்கலனிலோ செல்லும் ஆபத்தான சரக்கு உரிய அடையாளங்களைத் தாங்கியிருத்தல் வேண்டும்.

எண்ணுடன் சாய்சதுர வடிவிலான அடையாளச் சின்னமும் ஒட்டப்பட்டிருக்கும். அதன் கீழ்முனையிலுள்ள இலக்கம் பொருளின் வகுப்பைக் குறிக்கும். 1 வெடிபொருட்கள். 2 வாயுக்கள். 3 தீப்பற்றும் திரவங்கள். 4 தீப்பற்றும் திண்மங்களும், தானாகவே எரிபவையும், தண்ணீர் பட்டால் ஆபத்தாகுபவையும். 5 பிற பொருட்கள் எரிவதைத் தூண்டுபவை. 6 நச்சுப் பொருட்களும் நோய்க்கிருமி கொண்டவையும். 7 கதிரியக்கப் பொருட்கள். 8 அரிப்பவை. 9 ஏனைய ஆபத்துடையவை. சின்னத்தின் நிறமும் படமும் செய்தி சொல்லும். சிவப்புப் பின்னணியில் தீச்சுடர் இருப்பின் தீப்பற்றும் திரவம் அல்லது வாயு. நீலப் பின்னணியில் தீச்சுடர் இருப்பின் தண்ணீர் படக்கூடாத பொருள். மண்டையோட்டுச் சின்னம் நச்சு. கையின்மீதும் உலோகத்தின்மீதும் துளிகள் வீழும் படம் அரிக்கும் பொருள்.

பல நாடுகளில் தாங்கி வாகனங்களில் செம்மஞ்சள் நிறப் பலகையொன்றில் இரண்டு எண்கள் மேலும் கீழுமாக எழுதப்பட்டிருக்கும். கீழுள்ளது முன்னர் கூறிய நான்கிலக்க எண். மேலுள்ளது ஆபத்தின் தன்மையைக் குறிப்பது. ஓர் இலக்கம் இரட்டித்து வந்தால் ஆபத்து மிகுதி என்பது பொருள். பெற்றோலுக்குரிய 33 அவ்வாறானதே. முன்னால் ‘எக்ஸ்’ என்ற ஆங்கில எழுத்து வருமாயின் தண்ணீர் படுதல் ஆகாது.

இம்முறையின் சிறப்பு யாதெனில், இலக்கத்திற்கு மொழியில்லை என்பதாகும். ஆங்கிலப் பெயரை வாசிக்க இயலாத ஒருவரும் நான்கு இலக்கங்களை வாசித்துத் தொலைபேசியில் சொல்ல முடியும். கரையில் நிற்பவர் தமிழில் சொல்லும் அந்த எண்ணைக் கொழும்பிலுள்ள அதிகாரி எந்த மொழியில் எழுதிக்கொண்டாலும் பொருள் மாறாது.

அந்த எண்ணைக் கொண்டு செய்ய வேண்டியதை அறிய நூலொன்றும் உண்டு. அமெரிக்கா, கனடா, மெக்சிக்கோ ஆகிய நாடுகள் இணைந்து நான்காண்டுகளுக்கு ஒருமுறை புதுப்பிக்கும் அவசரநிலை வழிகாட்டி நூலின் 2024ஆம் ஆண்டுப் பதிப்பு இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. மஞ்சட் பக்கங்களில் எண்ணைத் தேடலாம். நீலப் பக்கங்களில் பெயரைத் தேடலாம். அவை சுட்டும் செம்மஞ்சட் பக்கத்தில் தீ, கசிவு, முதலுதவி ஆகியவற்றிற்கான அறிவுறுத்தல்கள் இருக்கும். பச்சைப் பக்கங்கள் நச்சுவாயுக்களுக்கான பாதுகாப்புத் தூரங்களைக் கூறும்.

எண்ணும் இல்லாதபோது

கடலில் பல நாள் கிடந்த பீப்பாயில் சின்னம் உரிந்திருக்கலாம். எழுத்து அழிந்திருக்கலாம். அவ்வாறான பொருளுக்கென்றே அந்நூலில் 111ஆம் இலக்க வழிகாட்டி ஒதுக்கப்பட்டுள்ளது. பொருள் இன்னதென்று தெரியாதவிடத்துச் சுற்றிலும் குறைந்தது 100 மீற்றர் தூரத்திற்கு எவரும் நெருங்கலாகாது என்றும், தாங்கியோ வாகனமோ தீப்பற்றியிருப்பின் 800 மீற்றருக்கு அப்பால் விலக வேண்டும் என்றும் அது கூறுகிறது. தூரத்தை அளக்கக் கருவி வேண்டியதில்லை. கையை நீட்டிக் கட்டைவிரலை உயர்த்தி, ஒரு கண்ணை மூடிப் பார்க்கும்போது அக்காட்சி முழுவதும் விரலுக்குள் மறையாவிட்டால் இன்னும் பின்னால் செல்ல வேண்டும் என்பது தீயணைப்புப் படையினரின் நடைமுறை விதி.

நிற்கும் திசையும் முக்கியமானது. காற்று எங்கிருந்து வீசுகிறதோ அப்பக்கத்தில், இயலுமாயின் மேட்டில் நிற்க வேண்டும். கரையோர மக்களுக்குக் காற்றின் திசையைக் கற்பிக்க வேண்டியதில்லை. சோழகமும் வாடையும் அவர்கள் அறிந்தவையே. குளோரீன் உட்பட நச்சுவாயுக்கள் பல காற்றைவிடக் கனமானவை. அவை பள்ளங்களிலும் கிணறுகளிலும் தேங்கும்.

தொலைவிலிருந்தே காணக்கூடிய தடயங்கள் பல. கலத்தின் வடிவம் ஒரு தடயம். தடித்த உலோகச் சிலிண்டராயின் அழுத்தத்தில் அடைக்கப்பட்ட வாயு. பிளாஸ்டிக் பீப்பாயாயின் அரிக்கும் திரவமாக இருக்கக்கூடும். கலம் ஊதிப் பருத்திருந்தால் உள்ளே தாக்கம் நடைபெறுகிறது. பழுப்பு நிறப் புகை நைத்திரிக் அமிலத்தையும், பச்சை கலந்த மஞ்சள் நிறப் புகை குளோரீனையும் நினைவூட்ட வேண்டும். அயலில் புற்கள் கருகியிருத்தல், பறவைகளோ மீன்களோ இறந்து கிடத்தல் என்பனவும் எச்சரிக்கைகளே. கையடக்கத் தொலைபேசியில் படத்தைப் பெரிதாக்கி எடுத்து அனுப்பினால் அதுவே அதிகாரிகளுக்குப் பேருதவியாகும்.

முகர்ந்து பார்த்து அறிய முற்படுவது மிகப் பெரிய தவறு. அழுகிய முட்டை மணமுடைய ஐதரசன் சல்பைட்டு வாயு செறிவாக இருக்கும்போது முகரும் ஆற்றலையே மரக்கச் செய்துவிடும். மணம் போய்விட்டது, ஆபத்து நீங்கிவிட்டது என எண்ணுபவர் அடுத்த சில மூச்சுக்களில் வீழ்வார். சயனைட்டின் மணத்தைப் பிறப்பிலேயே உணர இயலாதவர்களும் உளர்.

பயிற்சி பெற்ற குழுவினர் வந்த பின்னர் கருவிகள் மூலம் ஆராய்வர். முதலில் கதிரியக்கம் உண்டா எனப் பார்ப்பர். தீப்பற்றும் வாயுவின் அளவையும் ஒட்சிசனின் அளவையும் கணிப்பர். நிறம் மாறும் தாளினால் அமிலமா காரமா என அறிவர். நிறம் மாறும் கண்ணாடிக் குழாய்களால் குறிப்பிட்ட வாயுக்களைச் சோதிப்பர். லேசர் ஒளியைப் பாய்ச்சிச் சிதறும் ஒளியைக் கொண்டு பொருளை இனங்காணும் கையடக்கக் கருவிகளும் இன்று உள்ளன. எதுவாக இருக்க முடியாது என்பதை ஒவ்வொன்றாக விலக்கி, எதுவாக இருக்கலாம் என்பதை நெருங்குவதே இவையனைத்தினதும் அடிப்படை.

பாதிக்கப்பட்டவரின் உடலும் சான்று கூறும். கண்மணி சுருங்கி, வாயில் நீர் வடிந்து, வியர்த்து ஒழுகினால் கிருமிநாசினிகளில் உள்ள ஒரு வகை நஞ்சு. கண்ணும் தொண்டையும் எரிந்து இருமல் எழுந்தால் அமோனியா அல்லது குளோரீன் போன்றது. திடீரென நினைவிழந்தால் ஐதரசன் சல்பைட்டு அல்லது ஒட்சிசன் குறைவு. இவற்றைக் கவனித்து வைத்தியரிடம் கூறுவது மருந்து கொடுப்பதற்கு ஒப்பானது. நைத்திரிக் அமிலப் புகையைச் சுவாசித்தவர் சில மணி நேரம் நலமாகத் தோன்றி, அதன் பின்னரே நுரையீரலில் நீர் கோத்து அவதிப்படக்கூடும். ஆகவே, ‘ஒன்றுமில்லை’ என வீட்டில் இருந்துவிடலாகாது.

இரசாயனம் பட்டவரின் உடைகளைக் களைதல் முதற் காரியம். தூளாக இருப்பின் உலர்ந்த துணியால் தட்டிவிட்ட பின், திரவமாயின் உடனடியாக, ஏராளமான தண்ணீரால் நீண்ட நேரம் கழுவ வேண்டும். விழுங்கியவரை வாந்தியெடுக்கச் செய்யலாகாது. 1990 என்ற இலக்கத்தில் இலவச அம்புலன்ஸ் சேவையையும், 117 இல் அனர்த்த முகாமைத்துவ நிலையத்தையும், 119 இல் பொலிஸாரையும் அழைக்கலாம். கொழும்பு தேசிய வைத்தியசாலையில் இயங்கும் தேசிய நஞ்சுத் தகவல் நிலையத்திடம் வைத்தியர்கள் ஆலோசனை பெறலாம்.

அரசு செய்ய வேண்டியவை

மக்கள் விலகி நிற்கக் கற்றுக்கொண்டால் மட்டும் போதாது. விலகி நிற்பவருக்கு விடை சொல்ல அரசு ஆயத்தமாக இருக்க வேண்டும். 2005ஆம் ஆண்டின் 13ஆம் இலக்க அனர்த்த முகாமைத்துவச் சட்டமும், 2008ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கக் கடல் மாசடைதல் தடுப்புச் சட்டமும் நம்மிடம் உள்ளன. அவற்றின் பயன் எலுவன்குளம் வரை எட்ட வேண்டுமாயின் சில காரியங்கள் நடைபெற வேண்டும்.

கப்பலொன்று ஆபத்துக்குள்ளாகும்போது அதன் ஆபத்தான சரக்குகளின் பட்டியல் மணித்தியாலங்களுக்குள் கரையோரப் பிரதேச செயலகங்களுக்கும், வைத்தியசாலைகளுக்கும், மீனவர் சங்கங்களுக்கும் தமிழிலும் சிங்களத்திலும் ஒரே நேரத்தில் கிடைக்க வேண்டும். ஒரு மொழியில் முன்னதாகவும் மறுமொழியில் மறுநாளும் வரும் எச்சரிக்கை, மறுமொழி பேசுவோருக்கு எச்சரிக்கையே அன்று. ஒன்பது வகுப்புச் சின்னங்களும் அழைக்க வேண்டிய இலக்கங்களும் பொறித்த பலகைகள் இறங்குதுறைகளிலும் வாடிகளிலும் நாட்டப்பட வேண்டும். கிராம உத்தியோகத்தர்கள், பொலிஸார், அம்புலன்ஸ் பணியாளர்கள் ஆகியோருக்குப் பயிற்சி வழங்கப்படுவதுடன், அடிப்படைச் சோதனைக் கருவிகளும் பாதுகாப்பு உடைகளும் புத்தளத்திலேயே வைக்கப்பட வேண்டும். கொழும்பிலிருந்து வாகனம் வந்து சேரும்வரை காற்று காத்திருக்காது.

சமூக நிறுவனங்களுக்கும் இதில் பங்குண்டு. பள்ளிவாசலின் ஒலிபெருக்கியும், கோயிலின் மணியும், தேவாலயத்தின் மணியும் எந்த அரச அறிவித்தலையும்விட விரைவாகக் கிராமத்தை எட்டக்கூடியவை. ஜும்ஆவுக்குப் பின்னரும், கோயில் திருவிழாக்களிலும், மீனவர் சங்கக் கூட்டங்களிலும் பத்து நிமிடம் ஒதுக்கினால் இவ்வறிவு வீடுதோறும் சென்றடையும். பாடசாலைப் பிள்ளைகள் அந்தச் சின்னங்களை ஒரே நாளில் மனனம் செய்துவிடுவர். பெற்றோருக்கும் அவர்களே கற்பிப்பர்.

கடல் தருவதையெல்லாம் நம்பி எடுத்துக்கொண்ட காலம் கடந்துவிட்டது. நாளைய காலைப் பொழுதில் கங்கேவாடிக் கரையில் ஒரு பீப்பாய் ஒதுங்கலாம். அதனைக் காணும் சிறுவன் ஓடிச்சென்று மூடியைத் திறப்பானா, காற்றுக்கு முதுகைக் காட்டித் தொலைவில் நின்று நான்கு இலக்கங்களை வாசித்துத் தந்தைக்குச் சொல்வானா என்பது இன்று நாம் அவனுக்குக் கற்பிப்பதிலேயே தங்கியுள்ளது.